பால் பிராண்ட்: பெரிய சர்ஜனா, நல்ல தச்சரா?

பாலாற்றங்கரை

டாக்டர் பால் பிராண்டைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்குச் சலிப்புத் தட்டுகிறது. வெள்ளைக்கார டாக்டர் வேலூருக்கு வந்தார், தொழுநோயாளியின் கையைத் தொட்டார், மடங்கின விரலை நிமிர்த்தினார், சுபம். நடந்ததில் இது கால்வாசிகூடத் தேறாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பிறந்தது 1914, கொல்லிமலை. அப்பா ஜெசி, அம்மா எவ்லின், இருவரும் மிஷனரிகள். வாழவந்தியில் வீடு. 1923இல் ஒன்பது வயதுப் பையனைத் தங்கையோடு படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் அப்பா கருநீர்க் காய்ச்சலில், மலேரியா முற்றி வருவது, போய்ச் சேர்ந்தார். நடுவில் இருந்த அத்தனை வருடமும் பையன் அப்பாவைப் பார்க்கவில்லை, கடிதம்தான். பள்ளி முடிந்ததும் டாக்டர் படிப்புப் பக்கமே தலை வைக்கவில்லை. சின்ன வயதில் மலையில் பார்த்த சீழும் ரத்தமும் அவரை விரட்டியிருந்தன. கட்டட வேலைக்குப் போனார். தச்சு, கல், செங்கல் என்று சில வருடம் கையில் காய்ப்பு ஏறின பிறகுதான் லண்டனில் மருத்துவம். 1943இல் கூடப் படித்த மார்கரெட்டோடு கல்யாணம். 1946 கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

1947இல் செங்கல்பட்டு திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போகிறார். அங்கே பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் காக்ரேன், தோல் மருத்துவத்தில் பெரிய ஆள். மடங்கிப் போன விரல்களோடு இருந்த ஒருவரிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, அழுத்துங்கள் என்கிறார். அந்த ஆள் அழுத்தின அழுத்தில் இவருக்கு வலி தாங்கவில்லை. கை செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்க, உள்ளே நல்ல தசை உயிரோடு இருந்திருக்கிறது. எலும்பு மூட்டு சர்ஜன் ஒருவரும் அதுவரை இந்தக் கைகளை உட்கார்ந்து பார்த்ததில்லை என்று காக்ரேன் சொல்ல, இவர் உட்கார்ந்தார்.

இதுவரைக்கும் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. அவருடைய பெரிய வேலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடந்தது. பட்டறையிலும் செருப்புத் தைக்கிற இடத்திலும் ராத்திரி படுக்கிற பாயிலும். கத்தி பிடித்தவரைவிட உளி பிடித்தவர்தான் ஒரு படி மேல் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மாவுக்கட்டு

மறுக்கிறேன் சார். நான் பிசியோதெரபிஸ்ட். கத்தியை அவ்வளவு லேசாகத் தள்ள விடமாட்டேன்.

தொழுநோய்க் கிருமிக்குச் சூடு ஆகாது. உடம்பில் குளிர்ச்சியான இடம் பார்த்துக் குடியேறும். நரம்பு தோலுக்குப் பக்கத்தில் ஓடும் இடங்களில், முழங்கை ஓரம், மணிக்கட்டு மாதிரி, வீங்கிச் செயலிழக்கும். ஆழமாகத் தசைக்குள் ஓடும் நரம்பு தப்பித்துவிடும். இதை பிராண்டும் கூட இருந்தவர்களும் பிரேதப் பரிசோதனையில் நரம்பை மேலிருந்து கீழ்வரை திறந்து பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. எந்தத் தசை கெடும், எந்தத் தசை கெடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கெடாத தசையைக் கடன் வாங்கலாம்.

அப்படிக் கடன் வாங்கியதுதான் அந்த ஆபரேஷன். தசையை எலும்போடு கட்டுகிற கயிறுதான் தசைநாண். மணிக்கட்டைத் தூக்குகிற தசைநாண்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கழற்றி, காலில் இருந்து எடுத்த மெல்லிய நாணால் நீட்டி, அந்த நாணை நான்கு வாலாகப் பிரித்து, உள்ளங்கை வழியாக ஒவ்வொரு விரலுக்கும் கொண்டுபோய்த் தைப்பது. இழுப்பு ஒரு விரலில் கொஞ்சம் கூடினாலும் கை கோணிக்கொள்ளும். எந்த நாணை எடுப்பது, எந்த வழியாகக் கொண்டுபோவது என்று அவரே வருடக்கணக்கில் மாற்றிமாற்றிப் பார்த்தார். 1952இல் லண்டன் ராயல் சர்ஜன்கள் கல்லூரியில் ஹண்டேரியன் பேராசிரியர் என்ற கௌரவம் கொடுத்து அழைத்து இதைத்தான் பேச வைத்தார்கள். சும்மா அழைக்க மாட்டார்கள்.

பாலாற்றங்கரை

@மாவுக்கட்டு, சும்மா அழைத்தார்கள் என்று நான் எங்கே சொன்னேன்? நாலு வால் நாணுக்கு இழுப்புச் சரிபார்க்கிற கண் எங்கிருந்து வந்தது என்கிறேன். மர வேலை செய்தவனுக்கு அது கையோடு வரும்.

மாவுக்கட்டு

அது சரிதான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து சுமார் மூன்று வாரம் கட்டு. கட்டைப் பிரித்ததும் நோயாளி விரலை அசைக்கப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது. மூளைக்கு அந்தத் தசை இன்னும் மணிக்கட்டைத் தூக்குகிற தசைதான். 'மணிக்கட்டைத் தூக்குங்கள்' என்று சொல்லிச் சொல்லி, அதே கட்டளைக்கு விரல் அடிமூட்டு மடங்குவதைக் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். தொடு உணர்ச்சி இல்லாத கை என்பதால் கண்தான் துணை. ஒருநாள் திடீரென்று பிடிபட்டுவிடும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதலில் செய்வது சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்ப்பதுதான்.

பிராண்டின் வெற்றி என்று எழுதும்போது இந்த வாரக்கணக்கான வேலையைச் செய்த டெக்னீஷியன்களை யாரும் எழுதுவதில்லை. நிறையப் பேர் பழைய நோயாளிகளே.

சந்தேகி

இழையில் கொஞ்சம் உப்பு போடலாமா? மிஷன் காசு, மிஷன் மனிதர், மதம் பரப்ப வந்த குடும்பம். அப்பா அம்மா கொல்லிமலைக்கு எதற்குப் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் 1966இல் அமெரிக்கா போய்விட்டார். இருபது வருடம் இருந்தார், பேர் வாங்கினார், கிளம்பினார். உள்ளூர் டாக்டர்கள் வாழ்நாள் முழுக்க இங்கேயே கிடந்தார்கள், அவர்களுக்கு இழை இல்லை.

நாமக்கல்லான்

@சந்தேகி, அம்மாவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கதை.

மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மலையில் அவர்களுக்குப் பாதி நாள் வேலை நரம்புச் சிலந்தியோடு. இந்தத் தலைமுறைக்கு அது தெரியாது. குடிக்கிற தண்ணீரில் வந்து, உடம்புக்குள் முழ நீளம் வளர்ந்து, காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும் புழு. ஜெசி அதை ஒரு குச்சியில் சுற்றுவார். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்து சீழ் பிடிக்கும். அதனால் தினம் கொஞ்சம். இதைப் பக்கத்தில் நின்று பார்த்த பையன்தான் பிறகு டாக்டர் வேலையே வேண்டாம் என்றவர்.

புருஷன் செத்த பிறகும் எவ்லின் போகவில்லை. வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொன்னதும், சரி என்று தலையாட்டிவிட்டு ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு சொந்தப் பொறுப்பில் மறுபடி மலை ஏறிவிட்டார். கொல்லிமலை, கல்வராயன் மலை என்று குதிரைமேல் சுற்றினார். இடுப்பு முறிந்தும் நிற்கவில்லை. மகன் உலகப் புகழ் சர்ஜன், வந்து கூட இருங்கள் என்று கூப்பிட்டும் கேட்கவில்லை. 1974இல் 95 வயதில் காலமானார். புருஷன் பக்கத்திலேயே கொல்லிமலையில் புதைத்தார்கள். மிஷனே வேண்டாம் என்ற பிறகு 25 வருடம் மலையில் இருந்தவரை 'மிஷன் காசு' கணக்கில் எழுத முடியாது, தம்பி.

சந்தேகி

அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணே. அந்த அம்மாவுக்குத் தனி இழை போடலாம். உள்ளூர்க்காரர்கள் விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

கம்பவுண்டர்வீட்டுப்பெண்

உள்ளூர்க்காரர்களுக்கு நான் வருகிறேன்.

மேரி வர்கீஸ். கேரளத்தில் இருந்து வேலூருக்குப் படிக்க வந்தவர். 1954இல் கார் விபத்து, முதுகுத் தண்டு போய் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. மகப்பேறு மருத்துவராக நினைத்தவருக்கு நிற்கவே முடியாது. கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே என்று பிராண்ட் சொல்ல, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் செய்தார். அப்புறம் ஆஸ்திரேலியா, நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1972இல் பத்மஸ்ரீ.

எர்னஸ்ட் ஃப்ரிச்சி. பெயர் சுவிஸ் பெயர், வாழ்க்கை இங்கேதான். வேலூர்ப் பக்கத்தில் இருக்கிற கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை பிராண்டுக்குப் பின் வளர்த்தவர்களில் முக்கியமானவர். காட்பாடியில் இருந்து அந்தப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், சுற்றிலும் காய்ந்த கரடு, மருத்துவமனை வளாகம் மட்டும் தோப்பு. அந்த மரங்களுக்கு அவர்தான் காரணம். 1955இல் மருத்துவமனை திறந்தபோது அந்த இடம் பொட்டல்.

இவர்களுக்கெல்லாம் தனி இழை இல்லை என்றால் அது நம் சோம்பேறித்தனம். அதற்கு பிராண்ட் என்ன செய்வார்?

காட்பாடி ஜங்ஷன்

அந்த வளாகத்தில் மயில் கத்துவதைக் கேட்டபடி வெளியே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். வேலூர் வெயிலில் அது ஒரு தனி ஊர்.

தறிமேடை

எனக்குக் குடியாத்தம். கைலி நெசவு. எங்கள் பெரிய தாத்தா, அப்பாவுடைய பெரியப்பா, வேலூரில் கை ஆபரேஷன் செய்துகொண்டவர். அறுபதுகளின் நடுவில். யார் செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பிராண்ட்தான் என்று வீட்டில் சொல்வார்கள், அப்படி வேலூரில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள்.

விரல் நிமிர்ந்தது. மறுபடி நாடா எறியவும் வந்தது. ஆனால் அவருக்குத் தனித் தறி, தனித் தட்டு, தனிச் சொம்பு. நோய் இல்லை, தொற்றாது என்று எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நம்பவும் இல்லை. எங்கள் அத்தை மட்டும் அவருக்கு டீ கொடுக்கும்போது டம்ளரைத் துணியில் சுற்றிக் கொடுப்பார். சூடு தெரியாமல் பிடித்து உள்ளங்கை வெந்து போய்விடும் என்பதற்காக. அந்தத் துணியை டம்ளரிலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அத்தைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரிக்காரர்கள்தானாம்.

பாலாற்றங்கரை சார் சொல்கிற பக்கம்தான் நான். விரலை நிமிர்த்தினது பெரிசு. டம்ளருக்குத் துணி சுற்றச் சொன்னது அதைவிடப் பெரிசு. பத்து விரலோடு செத்தார்.

பாலாற்றங்கரை

@தறிமேடை, இதைத்தான் சொல்ல நினைத்தேன். உங்களுக்கு நன்றி.

ஆபரேஷன் நன்றாக முடிந்து வீட்டுக்குப் போன கைகள், சில மாதத்தில் புண்ணும் குறைந்த விரலுமாகத் திரும்பி வந்தன. அந்தக் காலத்தில் டாக்டர்களே நம்பியது, தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி உதிரும் என்று. பிராண்டுக்கு அதில் சந்தேகம் வந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவர் திறக்க முடியாமல் திணறும்போது, ஒரு பையன் வந்து சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான். பலசாலி என்று நினைத்துக் கையைப் பார்த்தால் விரலில் சாவி எலும்பு வரை வெட்டியிருக்கிறது. பையனுக்குத் தெரியவேயில்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. பாகாயம் கல்லூரி வளாகத்தில் மண் வீடுகள் கட்டி, நவஜீவ நிலையம் என்று பெயர் வைத்து, ஆபரேஷன் ஆன பையன்களைத் தங்க வைத்துத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். பொம்மை செய்தார்கள். அங்கே தினமும் கை கால் பார்ப்பார்கள். எங்கே புண் வந்தாலும் அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. சுத்தியல் கைப்பிடியில் ஒரு சிம்பு. சூடான பாத்திரம். அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்த ரம்பம். ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. காரணமே அகப்படாமல் ராத்திரியில் விரல் நுனி காணாமல் போன கேஸ்களும் இருந்தன. ஒருநாள் ராத்திரி முழிப்பாகக் காவல் இருந்து பார்த்தால், எலி. தூங்குகிறவனின் மரத்துப்போன விரலை எலி கடிக்கிறது, அவனுக்கு விழிப்பு வரவில்லை. அப்புறம் ஊர் திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை.

சதை அழுகவில்லை, வலி தெரியாததால் கை தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது என்று உலகத்துக்குக் காட்டினது அந்தப் பட்டறை. ஆபரேஷன் செய்ய எத்தனையோ பேர் உண்டு. இதைச் சுத்தியல் கைப்பிடியில் தேடிப் பார்க்கிற ஆள்?

மாவுக்கட்டு

சரி, பூனையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். மற்றபடி என் கட்சி அப்படியே இருக்கிறது. மடங்கின கையோடு பட்டறைக்கு எப்படி அனுப்புவீர்கள்?

ஒற்றைத்தலைவலி

எல்லோரும் இங்கே சுற்றி வந்து 'வலி ஒரு வரம்' என்றுதான் முடிப்பீர்கள் என்று தெரியும். பிராண்ட் அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். எனக்கு மாதத்தில் பாதி நாள் தலைவலி. வரம் வாங்கிக்கொள்ள யாராவது வருகிறீர்களா?

கம்பவுண்டர்வீட்டுப்பெண்

@ஒற்றைத்தலைவலி, உங்கள் வலிக்கு அவர் சொன்னது பொருந்தாது என்றுதான் நானும் நினைக்கிறேன். அவர் பார்த்தது வேறு மாதிரி நோயாளிகளை.

அவருக்கே ஒரு ராத்திரி நடந்தது தெரியுமா? இங்கிலாந்தில், நெடிய ரயில் பயணம் முடிந்து வந்து காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவு செய்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார். மனைவி பிள்ளைகளை விட்டு விலகி இருக்க வேண்டுமே என்ற யோசனை. விடிந்ததும் மறுபடி குத்தினார், சுரீர் என்றது. ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து நரம்பு அமுங்கியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். தினம் நூறு பேருக்கு 'இது லேசில் தொற்றாது' என்று சொல்கிற டாக்டர் அந்த ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். எனக்கு இந்தக் கதையில்தான் அவர் மேல் நம்பிக்கையே வந்தது.

இன்னொன்று. 'குடும்பஸ்தர்' என்று பேச்சு வந்தால் மார்கரெட்டை விட்டுவிடுகிறோம். ஆறு பிள்ளைகள். அதற்கு நடுவில் கண் டாக்டர் இல்லை என்று இவரைக் கண் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். எனக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றார். போங்கள், கற்றுக்கொள்வீர்கள் என்று பதில். கற்றுக்கொண்டார். தொழுநோயில் முக நரம்பு போனால் இமை மூடாது, விழியில் உணர்ச்சியும் போனால் தூசி விழுந்தது தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விடும். மெல்லுகிற தசையில் ஒரு பட்டையை எடுத்து இமைக்குக் கொண்டுபோய்த் தைக்கிற ஆபரேஷன் ஒன்று உண்டு. அப்புறம் அந்த நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். அடிக்கடி பல்லைக் கடிக்கப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் விழி காய்ந்துவிடும். தொழுநோய்க் கண் மருத்துவத்தில் உலக அளவில் பேர் சொல்லும் நிபுணர் ஆனார் மார்கரெட். 2014இல், கணவர் இறந்து பதினோரு வருடம் கழித்து, காலமானார்.

சந்தேகி

நல்ல தகவல். ஆனால் பாருங்கள், 'மார்கரெட்டை விட்டுவிடுகிறோம்' என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கிறது. இழைத் தலைப்பில் ஒரு ஆள் பேர்தான்.

அமெரிக்கா போனதுக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

@சந்தேகி, போனது உண்மை. லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் அமெரிக்க அரசின் தொழுநோய் மருத்துவமனை. அங்கே மறுவாழ்வுப் பிரிவு. இருபது வருடம் இருந்தார். ஆனால் அவர் போனதால் வேலூரில் எதுவும் நின்றுபோனதா? கரிகிரியில் அன்றைக்கும் ஆபரேஷன் நடந்தது, இன்றைக்கும் நடக்கிறது. ஆள் போனதும் படுத்துவிடுகிற இடமாக விட்டுவிட்டுப் போயிருந்தால் நீங்கள் திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுவேன்.

அங்கே போனதில் ஒரு பெரிய தோல்வியும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வலி தெரியாதவர்களுக்குச் செயற்கை வலி செய்யப் பார்த்தார். கையுறையில் அழுத்தம் அளக்கும் கருவி வைத்து, அளவு மீறினால் முதலில் காதில் சத்தம். நோயாளிகள் சத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை. சரி என்று உடம்பில் உணர்ச்சி உள்ள இடத்தில் சின்ன மின் அதிர்ச்சி வைத்தார். என்ன செய்தார்கள் தெரியுமா? கடினமான வேலை வரும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். பல வருட உழைப்பு, பெரிய காசு, கைவிட்டுவிட்டார். அணைக்க முடிகிற வலி பிரயோசனம் இல்லை என்று புரிந்தது. எனக்கென்னமோ இந்தத் தோல்விதான் அவருடைய நல்ல ஆராய்ச்சி.

ஒற்றைத்தலைவலி

சுவிட்ச் உள்ள தலைவலி எங்கே கிடைக்கும்?

இனிப்புக்காரர்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 58 வயது, சர்க்கரை 20 வருடமாக. போன மாதம் பாத கிளினிக்கில் ஒரு நைலான் நரம்பை உள்ளங்காலில் அங்கங்கே குத்தி, 'தெரிகிறதா, தெரிகிறதா' என்று கேட்டார்கள். பத்து இடத்தில் மூன்று இடம் எனக்குத் தெரியவில்லை. எம்.சி.ஆர். செருப்பு எழுதிக்கொடுத்தார்கள். இதுக்கும் நீங்கள் பேசுகிற ஆளுக்கும் சம்பந்தம் உண்டா?

மாவுக்கட்டு

நேரடிச் சம்பந்தம் சார். உங்கள் காலடியிலேயே இருக்கிறது.

எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர். உள்ளே பொடிப்பொடியாகக் காற்று அறைகள் இருக்கும், அழுத்தம் ஒரே இடத்தில் குவியாமல் பரவும். இன்றைக்குச் சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்குகிற அந்தச் செருப்பு, உணர்ச்சி இல்லாத தொழுநோய்ப் பாதங்களுக்காக 1950களில் வேலூரில் பிராண்ட் குழுவினர் வேலை செய்து கொண்டுவந்தது. உள்ளங்கால் புண்ணுக்குக் காரணம் கிருமி இல்லை, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழும் சாதாரண அழுத்தம்தான் என்று அவர் சொன்னார். கார்வில் போன பிறகு எலியின் பாதத்தில் எந்திரத்தால் திரும்பத்திரும்ப லேசாக அழுத்தி அதை நிரூபித்தும் காட்டினார்கள். ஒரே அழுத்தில் ஒன்றும் ஆகாது. விடாமல் பல நாள் அழுத்தினால் சிவந்து, வீங்கி, புண்ணாகும். நமக்கு வலிப்பதால் நடக்கும்போதே தெரியாமல் காலை மாற்றி வைக்கிறோம். உணர்ச்சி இல்லாதவர் மாற்றுவதில்லை.

புண் வந்த காலுக்குப் பாதத்தோடு ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு நடக்க விடுவதும் அப்படித்தான். அவருக்கு முன்பே இந்தப் பக்கத்தில் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரைப் புண்ணுக்கும் போடலாம் என்று பரப்பினது அவர். உங்களுக்குக் குத்தின நைலான் நரம்பு இருக்கிறதே, பத்து கிராம் அழுத்தத்தில் வளைவது, அந்த அளவுதான் எல்லைக்கோடு என்று 1986இல் ஆராய்ந்து சொன்னதும் கார்வில் ஆட்கள்தான்.

@பாலாற்றங்கரை, இந்த இடத்தில் உங்கள் உளி ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கை ஆபரேஷனால் பயன் அடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்றால், செருப்பால் பயன் அடைகிறவர்களை எண்ணவே முடியாது.

சந்தேகி

இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். சர்க்கரைக்கும் தொழுநோய்க்கும் ஒரே செருப்பா! எங்கள் வீட்டில் மூன்று ஜோடி கிடக்கிறது.

தறிமேடை

எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து எம்.சி.ஆர். வாங்கப் போனபோது, கடைக்காரர் 'இது பெரிய வியாதிக்காரங்க போடுறதுதான் சார், இப்ப எல்லாரும் போடுறாங்க' என்றார். அப்பா சிரித்துக்கொண்டே வாங்கினார். அவருடைய பெரியப்பா அதே செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சப்பட்டவர், செருப்பைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று.

கம்பவுண்டர்வீட்டுப்பெண்

கூச்சம் என்ன, சட்டமே அப்படித்தானே இருந்தது. 1898இல் வெள்ளைக்காரன் போட்ட தொழுநோயாளிகள் சட்டம், பிடித்து அடைத்து வைக்கிற சட்டம், ஒன்றிய அளவில் நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்ற பிரிவு போனது 2019இல். தொழுநோயைக் குணமாக்குகிற கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981. மருந்து வந்து 38 வருடம் கழித்துத்தான் சட்டம் கல்யாணத்தை விட்டது. 2005இல் நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவித்த நாட்டில் இன்றும் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் புதுக் கேஸ்.

பிராண்ட் காலத்திலேயே இந்தத் தலைவலி இருந்தது. விரல் நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்து, டாக்டர், இந்தக் கைக்கு முன்னை மாதிரி யாரும் பிச்சை போடவில்லை, வேலையும் தரவில்லை என்றார்களாம். அதற்குப் பிறகுதான் தச்சுப் பட்டறை முக்கியம் ஆனது. பாலாற்றங்கரை சார் பட்டறையை அவருடைய கைத்திறமையில் சேர்க்கிறார். நான் அதை அந்த நோயாளிகளின் கோபத்தில் சேர்ப்பேன். அவர்கள் வந்து சண்டை போடாமல் இருந்திருந்தால் நல்ல ஆபரேஷன்களோடு நின்றிருக்கும்.

பாலாற்றங்கரை

@கம்பவுண்டர்வீட்டுப்பெண், இது எனக்குத் தோன்றவில்லை. யோசிக்க வேண்டியது. ஆனால் அவர்கள் சண்டை போடத் துணிந்தார்கள் என்றால், போட விடுகிற ஆளாக அவர் இருந்திருக்கிறார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக்காரர்

சண்டை இருக்கட்டும். எனக்குச் செருப்பு இன்னும் வாங்கவில்லை. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் புண்ணியம்.

மாவுக்கட்டு

சாயங்காலம் போங்கள். காலையில் அளவு எடுத்த செருப்பு சாயங்காலம் கால் வீங்கினதும் இறுக்கும். விரல் நடுவில் வார் வருகிற மாடல் வேண்டாம், அந்த இடுக்கில்தான் புண் வரும், உங்களுக்குத் தெரியாது. பின்பக்கம் வார் இருக்கட்டும், இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடப்பீர்கள். உள்ளடியைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள், பள்ளம் விழுந்து மெதுவாக எழும்ப வேண்டும். ஆணி அடித்த செருப்பு கூடவே கூடாது, ஒட்டினது அல்லது தைத்ததுதான். புதுசை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள், எங்கேயாவது சிவந்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். தினமும் போடும் முன் செருப்பைத் தலைகீழாகத் தட்டுங்கள். பாதத்தின் அடி தெரியாவிட்டால் கீழே கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இனிப்புக்காரர்

வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் இன்றுதான் என் காலைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போகிறோம்.